ஒற்தலாமும் ஒரு டம்ளர் வெந்நீரும்

எங்கள் வீட்டில் புதினா வளர ஆரம்பித்ததற்குத் தோட்டக்கலை ஆர்வமெல்லாம் காரணம் இல்லை. பயம்தான் காரணம். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு அறிவித்த வாரம், பெங்களூரில் எங்கள் தெருவுக்குக் கீரை வண்டி வருமா வராதா என்று யாருக்கும் தெரியாது. கையில் இருந்த ஒரு கட்டுப் புதினாவில் இலைகளை உருவித் துவையலுக்கு எடுத்துக்கொண்டு, காம்புகளைக் குப்பையில் போட மனசில்லாமல் என் மனைவி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைத்தாள். எட்டு ஒன்பது நாளில் கணுவுக்குக் கணு வெள்ளை வேர். அதைக் கொண்டுபோய்ப் பால்கனியில் கிடந்த பழைய பெயிண்ட் வாளியில் நட்டோம். இன்று இருக்கும் ஆறு தொட்டிப் புதினாவும் அந்த ஒரு கட்டின் வாரிசுகள்தான்.

அதே வாரத்தில் அப்பாவும் இங்கே மாட்டிக்கொண்டார். கிறிஸ்துமஸுக்கு வந்தவர். மார்ச் கடைசியில் பாளையங்கோட்டைக்குத் திரும்புவதாக ஏற்பாடு. ரயில் ரத்தாகிவிட்டது. அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அப்போது வயது 79. அம்மா போன பிறகு தனியாகவே இருந்து பழகியவருக்கு நாலாவது மாடி வீட்டில் அடைந்து கிடப்பது ஜெயில் மாதிரி இருந்தது. ஒரே ஆறுதல் காப்பி. ஒரு நாளைக்கு நாலு தடவை. அதற்கும் வந்தது சோதனை. தூக்கமே இல்லை, படபடப்பு என்று போனில் டாக்டரைக் கேட்டதற்கு, காலையில் ஒரு காப்பியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் நாலு மணிக்கு டம்ளரில் சூடாக ஏதாவது கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. பால்கனியில் நாலு இலையைப் பறித்து, கொதிக்க வைத்து, வடிகட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"என்னல இது?"

"புதினா டீப்பா."

ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "டீன்னு சொல்லுத, இதுல டீ எங்கல இருக்கு? கீரத் தண்ணியக் குடுத்துட்டு டீங்கியான். சரி, இதுக்குத் தமிழ்ல என்ன பேரு?"

தமிழ் வாத்தியார் கேள்வி. பதில் தெரியவில்லை. அன்றைக்கு ஆரம்பித்த தேடல், மருத்துவ நூல்கள், விவிலியம், திப்பு சுல்தானின் நூலகம், லால்பாக் என்று எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போனது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

*

முதலில் அப்பாவின் முதல் கேள்வி. அவர் சொன்னது சரி. டீ என்றால் கமெலியா சைனென்சிஸ் என்ற ஒரே ஒரு செடியின் இலை. பச்சை டீ, கறுப்பு டீ, ஊலாங் டீ எல்லாம் அந்த ஒரே செடிதான். புதினா, துளசி, எலுமிச்சம்புல் இவற்றைப் போட்ட நீரை ஹெர்பல் டீ என்பது கடைக்காரர்கள் வைத்த பெயர். பெட்டியில் இருபத்தைந்து பொட்டலம் போட்டு, மேலே ஒரு வெள்ளைக்காரப் பெண் கண்ணை மூடிச் சிரிக்கிற படம் ஒட்டி விற்கும்போது ஏதோ மேல்நாட்டிலிருந்து வந்த புதுச் சரக்கு என்று நினைத்துக்கொள்கிறோம்.

சரக்கு புதுசில்லை. சரக சம்ஹிதையிலேயே மூலிகையிலிருந்து மருந்து எடுக்க ஐந்து வழி சொல்லப்பட்டிருக்கிறது. இடித்துப் பிழிந்தால் ஸ்வரஸம், அதாவது சாறு. அரைத்து உருட்டினால் கல்கம். தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து வற்றவைத்தால் குவாதம், நாம் சொல்லும் கஷாயம். குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடித்தால் ஹிமம். கொதித்த நீரை மேலே ஊற்றி, ஊறவைத்து, வடித்தால் பாண்டம். பாத்திரத்தைச் சொல்லும் பாண்டம் வேறு, இது வேறு. பிற்காலத்து சார்ங்கதர சம்ஹிதை இதற்கெல்லாம் அளவே சொல்கிறது. கஷாயத்துக்கு ஒரு பங்கு மருந்துக்குப் பதினாறு பங்கு தண்ணீர் விட்டு எட்டில் ஒன்றாக வற்ற வேண்டும். பாண்டத்துக்கு ஒரு பங்குக்கு நாலு பங்கு வெந்நீர் போதும், வற்ற வேண்டியதில்லை.

சித்த மருத்துவத்தில் இரண்டுமே குடிநீர்தான். வற்றக் காய்ச்சினால் குடிநீர் அல்லது கியாழம். காய்ச்சாமல் ஊறவைத்தால் ஊறல் குடிநீர். செய்து வைத்த குடிநீருக்கு ஆயுள் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். காலையில் போட்டு பிளாஸ்கில் ஊற்றி ஆபீசுக்கு எடுத்துப்போய்ச் சாயங்காலம் வரை குடிக்கிற என்னைப் போன்றவர்கள் கவனிக்க.

யுனானி மருத்துவத்திலும் இதே பிரிவு உண்டு. கொதிக்கவைத்தது ஜோஷாந்தா, ஊறவைத்தது கேஸாந்தா. கொதித்தல், ஊறுதல் என்ற பாரசீக வினைகளிலிருந்து வந்த பெயர்கள். ஆக மூன்று மருத்துவ மரபுகளும் ஒன்றைத் தெளிவாகச் சொல்கின்றன. காய்ச்சுவது வேறு, ஊறவைப்பது வேறு.

நான் செய்த தப்பு இங்கேதான். புதினாவின் வாசனை இலைக்குள்ளே ஆழத்தில் இல்லை. இலையின் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன எண்ணெய்ப் பைகள் இருக்கின்றன. விரலால் கசக்கினால் அவைதான் உடைகின்றன. அந்த எண்ணெய் ஆவியோடு ஆவியாகப் போய்விடும். பத்து நிமிஷம் திறந்து வைத்துக் கொதிக்கவிட்டால் வாசனை சமையலறைக்கு, கசப்பும் வைக்கோல் நாற்றமும் டம்ளருக்கு. சுக்கு, வேர், பட்டை போன்ற கெட்டியான பொருட்களுக்குத்தான் கொதி வேண்டும். இலைக்கும் பூவுக்கும் ஊறல் போதும். எங்கள் வீட்டில் சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் தட்டிப்போட்டுத் தளதளவென்று கொதித்ததைப் பார்த்து வளர்ந்தவன், எல்லாவற்றையும் கொதிக்க வைத்தேன். அப்பா டம்ளரைக் கீழே வைத்ததில் நியாயம் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. நாம் ஃபில்டரில் இறக்குகிறோமே காப்பி, அதற்கு டிகாக்‌ஷன் என்று பேர். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் கொதிக்கவைத்து எடுத்த கஷாயம் என்று பொருள். ஆனால் ஃபில்டரில் தூளைக் கொதிக்க விடுகிறோமா? மேலே வெந்நீரை ஊற்றி, மூடி, சொட்டுச் சொட்டாக இறங்கக் காத்திருக்கிறோம். சாஸ்திரப்படி அது பாண்டம், ஊறல் குடிநீர். "நீங்க அறுபது வருஷமா குடிக்கிறது இலைக்குப் பதிலா கொட்டை போட்ட ஊறல்தான்ப்பா" என்றேன். "அதுல பால் இருக்குல்லா" என்றார்.

அந்தக் காப்பியும் நமக்குப் பழசில்லை. பாபா புடன் என்ற சூஃபி மக்காவிலிருந்து ஏழு காப்பிக்கொட்டைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் விதைத்தார் என்பது 17ஆம் நூற்றாண்டைப் பற்றிய ஐதீகம். தமிழ் வீடுகளில் காப்பி நீராகாரத்தைத் துரத்தி உட்கார்ந்தது மிகவும் பிந்தி. ஆ.இரா. வேங்கடாசலபதி 2000ஆம் வருஷம் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பே 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்பதுதான். டீக்கு இன்னும் விளம்பரம் தேவைப்பட்டது. 1903இல் அதற்கென்று ஏற்றுமதித் தேயிலை மேல் வரி போட்டு, அந்தப் பணத்தில் தேயிலையைப் பரப்பினார்கள். காப்பியும் டீயும் வந்த பிறகு மற்ற ஊறல்கள் மருந்தாகச் சுருங்கிவிட்டன. உடம்பு சரியில்லாவிட்டால் மட்டும் கஷாயம். 2020இல் கபசுரக் குடிநீர் வீடு வீடாக வந்தபோது, நாட்டுக்கே அது ஞாபகம் வந்தது. ஆயுஷ் அமைச்சகம் அந்த வருஷம் தந்த குறிப்புகளில் துளசி, சுக்கு, மிளகு, லவங்கப்பட்டை குடிநீரும் இருந்தது, புதினா இலை போட்டு ஆவி பிடிப்பதும் இருந்தது.

*

அப்பாவின் இரண்டாவது கேள்வி, தமிழில் என்ன பெயர்? புதினா ஊறல் என்று சொல்லிவிடலாம். ஆனால் 'புதினா' தமிழா? குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் துளசி உண்டு, தும்பை உண்டு. இரண்டும் புதினாவின் குடும்பம்தான். புதினா கிடையாது. பாரசீகத்தில் பூதினா, இந்தியிலும் உருதுவிலும் புதீனா, தெலுங்கிலும் கன்னடத்திலும் கிட்டத்தட்ட அதேதான். தராசு, பஜார், மைதானம் போல வடக்கிலிருந்து இறங்கி வந்த சொல்.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் சும்மா இருந்தார். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும்போது, "ஏல, ஒற்தலாம் ஞாபகம் இருக்கா?" என்றார்.

திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பழைய தமிழ் விவிலியத்தில் மத்தேயு 23ஆம் அதிகாரத்தில், பரிசேயர்கள் எதிலெல்லாம் தசமபாகம் கொடுத்தார்கள் என்று சொல்லும் இடத்தில் 'ஒற்தலாம்' என்று ஒரு சொல் வரும். லூக்கா 11ஆம் அதிகாரத்திலும் வரும். ஞாயிறு பள்ளியில் டீச்சரிடம் ஒற்தலாம் என்றால் என்ன என்று கேட்டேன். "அது யூதேயாவில் முளைக்கும் ஒரு பூண்டு. நீ வசனத்தை மனப்பாடம் பண்ணு" என்றார். அந்தப் பூண்டை யாரும் பார்த்ததில்லை. நான் அதை உள்ளங்கை அகலத்தில், முள்ளோடு, பாலைவனத்தில் வளரும் ஏதோ ஒன்றாகக் கற்பனை பண்ணி வைத்திருந்தேன்.

மூல கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல் ஹெடியோஸ்மோன். இனிய வாசனை உள்ளது என்று பொருள். புதினாவின் கிரேக்கப் பெயர்களில் ஒன்று. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அதே இடத்தில் 'புதினா' என்றே இருக்கிறது. அப்படியானால் ஒற்தலாம் எங்கிருந்து வந்தது? போர்ச்சுகீசிய மொழியில் புதினாவுக்குப் பெயர் ஒர்த்தெலான்! தோட்டத்தைச் சேர்ந்தது என்று பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

முத்துக்குளித்துறையில் 1530களில் போர்ச்சுகீசியர் காலூன்றினார்கள். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம், அவர்கள் வழியில் வந்ததுதான். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஜெர்மானியர். வேலை பார்த்தது டென்மார்க் அரசரின் மிஷனுக்கு. ஆனால் அவரும் வந்தவுடன் தமிழோடு போர்ச்சுகீசியமும் கற்றுக்கொண்டார். கடற்கரைப் பட்டணங்களில் வியாபாரத்துக்கும் பேச்சுக்கும் அதுதான் பொதுமொழி. ஜன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாம் அந்தக் கப்பலில் இறங்கியவை. ஒற்தலாமும் அதில் ஒன்று.

ஆக, தமிழுக்குள் புதினா இரண்டு பெயரில் வந்திருக்கிறது. கடல் வழியாக ஒரு பெயர், தக்காணத்து வழியாக ஒரு பெயர். ஜன்னலும் சாவியும் வீட்டுக்குள் வந்ததால் பிழைத்துக்கொண்டன. ஒற்தலாம் வேதபுத்தகத்தோடு நின்றுவிட்டது. அதை யாரும் கடையில் கேட்கவில்லை, தொட்டியில் வைக்கவில்லை, அம்மியில் அரைக்கவில்லை. புதினா கட்டாகக் கட்டப்பட்டுச் சந்தைக்கு வந்தது, துவையலானது, பிரியாணியில் விழுந்தது. நம் வேதபுத்தகத்தில் இருந்த பெயரைச் சந்தையில் இருந்த பெயர் ஜெயித்துவிட்டது. எங்கள் ஞாயிறு பள்ளி டீச்சர் வீட்டு அடுப்படியிலேயே அந்தச் செடி இருந்திருக்கும். இரண்டும் ஒன்றுதான் என்று அவருக்கே தெரியாமல் போனது.

*

சரி, சந்தைப் பெயருக்கு வருவோம். இங்கேதான் பெங்களூர் வருகிறது.

தக்காணத்து அரசவைகளில் பாமினி சுல்தான்கள் காலத்திலிருந்தே பாரசீகம் பெரிய மொழி. கெம்பேகவுடா கட்டிய பெங்களூரை 1638இல் பீஜப்பூர் படை பிடித்தது. அரை நூற்றாண்டு கழித்து முகலாயர் வந்தார்கள், சிராவில் ஒரு மாகாணமே அமைத்தார்கள். பிறகு மைசூர் உடையார்கள், பிறகு ஹைதர் அலி. 1760இல் ஹைதர் லால்பாக்கைத் தொடங்கியபோது, சிராவில் இருந்த முகலாயத் தோட்டத்தைப் பார்த்துத்தான் அமைத்தார் என்பார்கள். அவர் மகன் திப்பு வெளிநாட்டுச் செடிகளில் பைத்தியம். 1788இல் பிரான்ஸ் அரசரிடம் போன அவருடைய தூதர்கள் விதைகளும் தோட்டக்காரர்களும் கேட்டார்கள். அரசாங்கக் கணக்கைப் பாரசீகத்தில் எழுதவைத்ததும் திப்புதான்.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்புவின் நூலகத்தை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். சார்லஸ் ஸ்டூவர்ட் என்பவர் 1809இல் அதற்கு ஒரு அட்டவணை வெளியிட்டார். அதில் மருத்துவ நூல்கள் மட்டும் 62. யுனானி மருத்துவம்தான் அந்த அரசவையின் மருத்துவம். யுனானி என்ற சொல்லே கிரேக்கத்தின் அயோனியாவிலிருந்து வந்தது. சங்கப் பாட்டில் வரும் 'யவனர்' என்பதும் அதே வேர்தான். கிரேக்கர் எழுதியதை அரபுக்காரர் மொழிபெயர்த்து, பாரசீகர் விரித்து எழுதி, தக்காணத்துக்கு வந்த மருத்துவம். பெங்களூரில் அந்த மரபு இன்றும் இருக்கிறது. மாகடி ரோட்டில் தேசிய யுனானி மருத்துவ நிறுவனம் 2004 முதல் வகுப்புகள் நடத்துகிறது. ஜோஷாந்தாவும் கேஸாந்தாவும் அங்கே பாடம்.

பெயரும் மருத்துவமும் பாரசீகம். செடியைத் தண்ணீர் ஊற்றி வளர்த்தது யார்? இங்கேதான் எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது.

திப்பு இறந்த அடுத்த வருஷம், 1800 மே மாதம், கம்பெனி அனுப்பிய பிரான்சிஸ் புக்கானன் என்ற டாக்டர் பெங்களூர் வந்தார். அவருடைய பயண நூல் 1807இல் மூன்று பாகங்களாக வந்தது. ஹைதர், திப்பு தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து எழுதியிருக்கிறார். சதுரம் சதுரமாகப் பாத்திகள், நடுவே நடைபாதை, ஓரத்தில் சைப்ரஸ் மரங்கள். பாத்திகளில் பழமரங்களும் சமையலுக்கான கீரை வகைகளும். ஒரு பாத்திக்கு ஒரே வகைச் செடி, ரோஜாவுக்கு ஒன்று, மாதுளைக்கு ஒன்று என்று. பாரசீகத் தோட்டத்தின் கணக்கு அப்படியே இருந்திருக்கிறது.

அந்த ஊரில் தோட்டவேலை செய்தவர்களில் பேர்போனவர்கள் திகளர்கள். கன்னடத்தில் 'திகள' என்ற சொல்லுக்கே பழைய பொருள் தமிழர் என்பதுதான். ஹைதர் காலத்தில் லால்பாக் வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவரப்பட்டார்கள் என்பது ஒரு கட்சி. அதற்கு முன்பே வந்துவிட்டார்கள் என்பது இன்னொரு கட்சி. எப்படியானாலும் பெங்களூரின் ஏரிக்கரைகளில் கீரையும் காய்கறியும் பூவும் போட்டு ஊருக்கே கொடுத்தவர்கள் அவர்கள். சித்திரைப் பௌர்ணமி இரவில் தர்மராயசாமி கோயிலிலிருந்து கிளம்பும் பெங்களூர் கரகம் அவர்களுடைய திருவிழா. மல்லிகைப்பூ மூடிய கரகம் ஊரைச் சுற்றி வரும்போது காட்டன்பேட்டையில் மஸ்தான் சாகிப் தர்காவிலும் நின்று போகும். ஒருமுறை இரவு முழுக்க விழித்திருந்து பார்த்திருக்கிறேன். இந்த ஊரைப் பற்றி யாராவது தமிழனா கன்னடனா என்று பேச ஆரம்பித்தால் எனக்கு அந்த இரவுதான் ஞாபகம் வரும். 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரித் தண்ணீரின் பெயரால் இந்த ஊர் எப்படி எரிந்தது என்பதும் கூடவே ஞாபகம் வரும்.

திகளர்களின் தோட்டங்களுக்குத் தண்ணீர் கொடுத்த ஏரிகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. தர்மாம்புதி ஏரி இருந்த இடம்தான் நாம் ஊருக்குப் பஸ் ஏறும் மெஜஸ்டிக். சம்பங்கி ஏரி இன்று கண்டீரவா ஸ்டேடியம். சித்திகட்டே குளம் இருந்த இடத்தில் 1928இல் கே.ஆர். மார்க்கெட் வந்தது. ஸ்மிருதி ஸ்ரீனிவாஸ் கரகத்தைப் பற்றி 2001இல் எழுதிய புத்தகத்தில் இந்தக் கதை விரிவாக இருக்கிறது. தோட்டம் போன பிறகும் திருவிழா நடக்கிறது. மொழி? இன்று அவர்கள் எழுதுவதும் படிப்பதும் கன்னடம். சில குடும்பங்களில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்த ஒரு பேச்சு மிச்சம் இருக்கிறது.

எனக்கு இது வெறும் சரித்திரம் இல்லை. என் மகள் இங்கே பிறந்தவள். பள்ளியில் கன்னடம் படிக்கிறாள், நன்றாகவே எழுதுகிறாள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. தமிழாசிரியரின் பேத்தி. அப்பா இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

*

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷத்தில் கற்றுக்கொண்டது.

புதினாவுக்கு விதை வாங்கி ஏமாற வேண்டாம். கலப்பினப் புதினாக்களில் விதை முளைப்பதே அபூர்வம். இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் கவனிக்கப்பட்ட பெப்பர்மின்ட், நீர்ப்புதினாவும் தோட்டப் புதினாவும் கலந்து பிறந்த மலட்டுச் செடி. உலகமெங்கும் அது பரவியது காம்பு வழியாகத்தான். சந்தையில் வாங்கும் கட்டில் தடித்த காம்பாக எடுத்து, அடி இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் வையுங்கள். வேர் வந்ததும் அகலமான தொட்டியில் நடுங்கள். ஆழம் முக்கியமில்லை, அகலம்தான் முக்கியம், ஏனென்றால் பக்கவாட்டில் ஓடும். காலை வெயில் போதும். மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கும் பெங்களூர் அதற்குச் சொர்க்கம். எங்கள் ஊர் சித்திரை வெயிலில் நிழல் கட்டாவிட்டால் தீய்ந்துவிடும். பூ விட்டால் நுனியை வெட்டிவிடுங்கள். வேறு செடியோடு சேர்த்து வைக்காதீர்கள், அந்தச் செடியைத் தின்றுவிடும்.

ஒரு டம்ளருக்குப் பத்துப் பன்னிரண்டு இலை. கழுவி, உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டுங்கள், கசக்க வேண்டாம். தண்ணீர் கொதித்து அடங்கியதும் இலைமேல் ஊற்றி, உடனே மூடி ஐந்து நிமிஷம். மூடாவிட்டால் எல்லாம் வீண். திறக்கும்போது மூடியில் நிற்கும் சொட்டுகளை மோந்து பாருங்கள், ஓடிப்போகப் பார்த்த வாசனை அங்கே இருக்கும். அதையும் டம்ளரில் தட்டிவிடுங்கள். ஒரு சிட்டிகை கருப்பட்டி போட்டால் திருநெல்வேலி, சின்ன எலுமிச்சைத் துண்டு போட்டால் பெங்களூர்.

ஒரு விஷயம். நம் வீட்டுப் புதினா, தலைவலித் தைலத்தில் வரும் மெந்தால் புதினா இல்லை. அது 1950களில் ஜப்பானிலிருந்து கொண்டுவந்தது, உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கிப் பக்கம் வயல் வயலாகப் பயிராகிறது. நம்முடையதில் மெந்தால் குறைவு, கார்வோன் என்ற பொருள்தான் வாசனை. அதனால் குளிர்ச்சி மெதுவாக இருக்கும். சர்வரோக நிவாரணி என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். சாப்பாட்டுக்குப் பின் வயிறு லேசாக இருக்கும், அவ்வளவுதான். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குப் புதினா அதைக் கூட்டிவிடலாம், பார்த்துக் குடியுங்கள்.

*

ஒற்தலாம் பேச்சு வந்த மறுநாள் நாலு மணிக்கு, மூடி போட்டு ஊறவைத்து, கருப்பட்டி போட்டு அப்பாவிடம் கொடுத்தேன்.

"என்னல?"

"ஒற்தலாம் ஊறல்."

மோந்து பார்த்தார். குடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. டம்ளர் காலியாகத் திரும்பி வந்தது.

ஊரடங்கு முடிந்தும் அப்பா பாளையங்கோட்டைக்குத் திரும்பவில்லை. போக முடியாத அளவுக்கு முழங்கால் வலி. இப்போது 85 நடக்கிறது. பார்வை குறைந்துவிட்டது, பொடி எழுத்துப் படிக்க முடியாது. அதனால் சாயங்கால வேதபாடத்தை யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். நான் ஆபீசிலிருந்து வர ஏழாகிவிடும். என் மனைவியும் வேலைக்குப் போகிறாள். வீட்டில் இருப்பது பேத்தி.

போன மாதம் ஒருநாள் சீக்கிரம் வந்தேன். பால்கனியில் அப்பா நாற்காலியில், மகள் தரையில் தொட்டிக்குப் பக்கத்தில். மடியில் அப்பாவின் பழைய விவிலியம். எழுத்துக் கூட்டி, விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். 'ற்'றில் தடுமாறி நின்றாள்.

"ஒற்... ஒற்த... தாத்தா, இது என்ன வார்த்தை?"

அப்பா குனிந்து, கையைத் தடவித் தடவித் தொட்டியில் ஒரு இலையைக் கிள்ளி அவள் கையில் கொடுத்தார். "இதாம்ளா. மோந்து பாரு."